ஆக்சிஜன் வைத்தாச்சு... அதோடு முடிந்ததா?

மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வரும் சில நோயாளிகளோடு ஓர் இயந்திரமும் வீட்டுக்கு வருகிறது. சிறிய சூட்கேஸ் உயரம், அடியில் நான்கு சக்கரம், ஓயாத 'உர்ர்ர்' சத்தம். அதுதான் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர். வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பவர், "இது சுவிட்ச், இது குமிழ், இதுல தண்ணி ஊத்தணும்" என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அதன்பிறகு அந்த இயந்திரமும், மூக்கில் குழாய் மாட்டிய அப்பாவும், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் குடும்பமும்தான் மிச்சம்.

மருத்துவமனையில் இதே நோயாளியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் ஒருவர் வந்து பார்த்திருப்பார். விரலில் கருவியை மாட்டுவார், மார்பு ஏறி இறங்குவதைக் கவனிப்பார், காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பார், "ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று பேச்சுக் கொடுப்பார். கடைசிக் கேள்வி வெறும் குசலம் விசாரிப்பு போலத் தெரியும். ஆனால், அதுவும் ஒரு பரிசோதனைதான். வீட்டுக்கு வந்தபின் அந்த நர்ஸின் இடத்தில் மனைவியோ, மருமகளோ, மகனோ நிற்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. ஆனால், ஒவ்வொன்றும் முக்கியம்.

ஆக்சிஜன் ஒரு மருந்து

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 சதவிகிதம்தான் ஆக்சிஜன். ஆரோக்கியமான நுரையீரலுக்கு அது தாராளம். பல ஆண்டுகள் பீடி, சிகரெட் புகைத்தவர்கள், புகைக்காமலேயே விறகடுப்புப் புகையில் பாதி ஆயுளைக் கழித்த பெண்கள், காசநோய் வந்து நுரையீரலில் தழும்பு விழுந்தவர்கள் ஆகியோரில் சிலருக்கு அது போதாமல் போகிறது. அப்போதுதான் மருத்துவர் கூடுதல் ஆக்சிஜனை எழுதித் தருகிறார். 'எழுதித் தருகிறார்' என்பதைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் ஆக்சிஜனும் இருக்கிறது. மருந்து என்றால் அளவு உண்டு, நேரம் உண்டு, பக்கவிளைவும் உண்டு.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? மூக்குக் குழாயா, மாஸ்க்கா? விரலில் மாட்டும் கருவியில் எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம்? கூடவே, நடக்கும்போதும் தூங்கும்போதும் அளவு மாறுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இந்தச் சீட்டை இயந்திரத்தின் தலையிலேயே ஒட்டிவைப்பது நல்லது. இரவு 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து பார்ப்பவருக்கு நினைவாற்றலைவிட அந்தச் சீட்டே துணை.

'கொஞ்சம் கூட்டி வை, தேவலாம்'

ஆக்சிஜன் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. குமிழ் 2-ல் இருக்கிறது. 4-க்குத் திருப்பினால் சீக்கிரம் சரியாகும் என்று தோன்றுவது இயல்பு. அன்பினால் செய்வதுதான். ஆனால், ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பெரும்பாலான நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 முதல் 98 சதவிகிதம் வரை இருக்க வேண்டும் என்பது இலக்கு. ஆனால், சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களில் பலருக்கு இலக்கே 88 முதல் 92 வரைதான். 'எல்லாருக்கும் 98 இருக்கு, அப்பாவுக்கு 90-தானே இருக்கு' என்று பதற வேண்டியதில்லை. அவருக்கு அதுவே சரியான அளவு.

காரணம் கரியமில வாயு. மூச்சின் வேலை ஆக்சிஜனை உள்ளே இழுப்பது மட்டுமல்ல, கரியமில வாயுவை வெளியே தள்ளுவதும்தான். இந்த நோயாளிகளுக்கு அந்த இரண்டாவது வேலை தளர்ந்துபோயிருக்கும். நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் அதிகம் போகாதபடி உடல் தானாகவே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் அந்த ஏற்பாடு கலைகிறது. மூச்சுவிடும் உந்துதலும் சற்றுக் குறையலாம். விளைவாக கரியமில வாயு ரத்தத்தில் தேங்குகிறது. விரல் கருவியில் எண் அழகாக 98 காட்டும். நோயாளியோ மெல்ல மெல்ல மயக்கத்தில் ஆழ்ந்துகொண்டிருப்பார். அந்தக் கருவி ஆக்சிஜனை மட்டும்தான் அளக்கும். கரியமில வாயுவை அளக்காது.

இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் பயம் இல்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் ஆம்புலன்ஸில் வந்த 405 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. சி.ஓ.பி.டி. மூச்சுத்திணறலோடு வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல அதிக ஆக்சிஜன் தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு 88 முதல் 92 என்ற இலக்கு வைத்து அளந்து தரப்பட்டது. அளந்து பெற்றவர்களிடம் இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது.

கரியமில வாயு தேங்குவதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், கண் போதும். காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறாரா? பகலெல்லாம் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கித் தூங்கி விழுகிறாரா? சாப்பிட்டதை மறந்து 'இன்னும் சாப்பாடு தரலையே' என்கிறாரா? கையை நீட்டச் சொன்னால் கொக்கி போட்டு இழுத்ததுபோல மணிக்கட்டு படபடவென ஆடுகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். "நல்லா தூங்குறாரு, எழுப்ப வேண்டாம்" என்று விட்டுவிடக் கூடாது. அந்தத் தூக்கம் ஓய்வுதானா என்பதைத் தோளைத் தட்டி எழுப்பி, பெயரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

அதே சமயம், பயந்துபோய் ஆக்சிஜனைத் திடீரென்று முழுவதுமாக நிறுத்திவிடவும் கூடாது. அப்படி நிறுத்தினால் அளவு முன்பிருந்ததைவிடக் கீழே சரிந்துவிடும். கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவர் சொன்னபின்தான்.

எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையைக் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி. 1974-ல் அவர் வெளியிட்ட அந்தக் கருத்து, கொரோனா காலத்தில் கோடிக்கணக்கான வீடுகளின் மேஜை டிராயருக்கு வந்து சேர்ந்துவிட்டது. விரலின் ஒருபக்கம் ஒளியைப் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறது கருவி. ஆகவே ஒளியைத் தடுக்கும் எதுவும் எண்ணைக் கெடுக்கும். நகச்சாயத்தை அழித்துவிட வேண்டும். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்க வேண்டும். கை நடுங்கினால் மேஜைமேல் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாட்டிய உடனே தெரியும் எண்ணை நம்பாமல், ஒரு நிமிடம்போலப் பொறுத்து, எண் ஆடாமல் நின்றபின் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் நம் ஊருக்கு முக்கியம். கறுத்த தோல் உள்ளவர்களிடம் இந்தக் கருவி சில நேரம் உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டிவிடுகிறது என்று 2020-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு சொன்னது. எனவே, கருவி '93' என்று சொல்லி, நோயாளியின் முகம் 'முடியவில்லை' என்று சொன்னால், முகத்தைத்தான் நம்ப வேண்டும்.

முகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மூச்சின் எண்ணிக்கை. பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார்கள். இதை எண்ணுவதற்கு நர்ஸ்களிடம் ஒரு சின்ன உத்தி உண்டு. 'மூச்சை எண்ணப் போறேன்' என்று சொன்னால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மார்பில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுவார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம். 25-ஐத் தாண்டினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கழுத்துத் தசைகள் இழுபடுவது, விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுவது, நான்கு வார்த்தை பேசுவதற்குள் நின்று மூச்சு வாங்குவது ஆகியவையும் அப்படியே.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, காலை, மாலை, இரவு என மூன்று வேளை எழுதி வாருங்கள். தேதி, எத்தனை லிட்டர், கருவியின் எண், மூச்சு எண்ணிக்கை, 'இன்று எப்படி இருந்தார்' என்று ஒரு வரி. பத்து நாள் கழித்து மருத்துவர் கேட்கும்போது, 'அப்பப்ப மூச்சு வாங்குது டாக்டர்' என்பதைவிட அந்த நோட்டு நூறு மடங்கு பேசும்.

மூக்கு, காது, வாய்

மூக்குக் குழாயின் இரண்டு முனைகளும் சற்றே வளைந்திருக்கும். அந்த வளைவு கீழ்நோக்கி, நாசியின் வளைவோடு ஒத்துப்போகும்படி மாட்ட வேண்டும். குழாய் காதுகளைச் சுற்றி வந்து தாடைக்குக் கீழே சேரும். அந்த இடத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு வேண்டும். நழுவுகிறதே என்று இறுக்கிக் கட்டினால், ஒரே வாரத்தில் காதுமடலுக்குப் பின்னால் புண் வந்துவிடும். வயதானவர்களின் தோல் காகிதம்போல மெல்லியது. தினமும் ஒருமுறை குழாயைக் கழற்றி, காதின் பின்புறம், கன்னம், மூக்கின் அடி மூன்றையும் பாருங்கள். சிவந்திருந்தால் அந்த இடத்தில் குழாயின்மேல் மெல்லிய பஞ்சுத்துணியைச் சுற்றிவிடலாம்.

மாஸ்க் என்றால் இன்னொரு கவனம் தேவை. சாதாரண ஆக்சிஜன் மாஸ்க்கை நிமிடத்துக்கு 5 லிட்டருக்குக் குறைவாக வைத்துப் பயன்படுத்தக் கூடாது. குறைத்தால், அவர் வெளிவிட்ட காற்றே மாஸ்க்குக்குள் தங்கி மீண்டும் உள்ளே போகும். குறைந்த அளவு எழுதப்பட்டவர்களுக்கு மூக்குக் குழாய்தான் பொருத்தம். 'குழாய் நல்லா நிக்கலை, மாஸ்க் போட்டுப் பார்ப்போம்' என்று வீட்டிலேயே மாற்றிவிடக் கூடாது.

உலர்ந்த காற்று ஓயாமல் போவதால் மூக்கு காயும், லேசாக ரத்தம்கூடக் கசியும். இங்கே கை தானாகத் தேடுவது தேங்காய் எண்ணெயையோ, தைல டப்பாவையோ. இரண்டும் வேண்டாம். எண்ணெயும் பெட்ரோலியம் ஜெல்லி கலந்த பொருள்களும் ஆக்சிஜன் அருகே எளிதில் தீப்பிடிக்கக்கூடியவை. மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு மருந்தோ, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லோ போதும். வாயை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிக்கச் செய்யுங்கள். தானாகச் செய்ய முடியாதவருக்கு, விரலில் சுற்றிய ஈரத்துணியால் நாக்கையும் ஈறையும் துடைத்துவிடுங்கள். வாய் காய்ந்தால் பசி போகும், பேச்சு போகும், கிருமி வரும்.

இயந்திரத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தால், அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதே நல்லது. கிடைக்காத நாளில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த நீர். குழாயடித் தண்ணீரோ, கேன் தண்ணீரோ நேரடியாக வேண்டாம். இரண்டு கோடுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்துவிட்டது என்று பழைய நீரின்மேல் புது நீரை ஊற்றாமல், தினமும் முழுவதும் கொட்டிவிட்டு, கழுவி, புதிதாக நிரப்புங்கள். அந்தத் தண்ணீரைத் தொட்டு வரும் காற்றுதான் நேராக நுரையீரலுக்குப் போகிறது.

ஆக்சிஜன் வருகிறதா என்று சந்தேகமா? மூக்குக் குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வருகிறது. வராவிட்டால் எங்கோ குழாய் மடங்கியிருக்கிறது, அல்லது கட்டில் கால் அதன்மேல் ஏறியிருக்கிறது, அல்லது பாட்டில் மூடி சரியாக இறுகவில்லை. நூற்றுக்குப் பாதி பதற்றம் இந்த மூன்றில் தீர்ந்துவிடும்.

விளக்கேற்றும் இடத்தில் இயந்திரம் வேண்டாம்

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால், எரிகிற எதையும் வெறிகொண்டு எரிய வைக்கும். சாதாரணமாகக் கருகி அணைந்துவிடும் துணி, ஆக்சிஜன் ஊறியிருந்தால் நொடியில் பற்றும். போர்வை, தலையணை உறை, தலைமுடி எல்லாவற்றிலும் அது ஊறியிருக்கும்.

நம் வீடுகளில் நெருப்பு அடுப்பங்கரையில் மட்டும் இருப்பதில்லை. காலையில் பூஜை விளக்கு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூர ஆரத்தி, மாலையில் கொசுவத்திச் சுருள், கார்த்திகையில் வரிசை விளக்கு, தீபாவளிக்கு வாசலில் மத்தாப்பு. நோயாளியும் இயந்திரமும் இருக்கும் இடத்திலிருந்து இவை எல்லாம் குறைந்தது பத்தடி தள்ளி இருக்க வேண்டும். வேறு அறையிலேயே இருந்தால் இன்னும் நல்லது. ஆரத்தித் தட்டை அவர் முகத்தருகே கொண்டுபோய்க் காட்ட வேண்டாம். திருநீறு மட்டும் கொண்டுபோய்ப் பூசிவிடலாம். குடும்பத்தினர் யாரும், வந்து பார்க்கும் உறவினர் யாரும் அந்த அறையில் புகைக்கக் கூடாது.

கஷ்டமான விஷயம் ஒன்றும் உண்டு. நாற்பது ஆண்டு பீடி பழகிய சிலர், யாரும் இல்லாத நேரத்தில் குழாயை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒன்றைப் பற்றவைத்துவிடுகிறார்கள். முகம் வெந்து மருத்துவமனைக்கு வருபவர்கள் உண்டு. திட்டுவதால் பயனில்லை. தீப்பெட்டியும் லைட்டரும் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பழக்கத்தை விட மருந்தும் ஆலோசனையும் உண்டு. ஆக்சிஜனை நிறுத்திய பிறகும் உடையில் அது தங்கியிருக்கும் என்பதால், சமையலுக்குப் போகும் நோயாளிகள் குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, உடை மாற்றிக்கொண்டுதான் அடுப்பருகே போக வேண்டும்.

கரன்ட் போனால்?

கான்சென்ட்ரேட்டர் ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதில்லை. அறைக் காற்றை உறிஞ்சி, ஜியோலைட் என்ற தாதுப்பொருள் வழியே அனுப்பி, நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, 90 சதவிகிதத்துக்கும் மேல் ஆக்சிஜன் உள்ள காற்றை வெளியே தருகிறது. மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். அதனால் சிலிண்டர் ஒன்று கைவசம் அவசியம்.

நம் ஊரில் வீடுகளுக்கு வரும் 'பி டைப்' சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். கணக்கு எளிது. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 1,500-ஐ 2-ஆல் வகுக்க 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். 4 லிட்டர் என்றால் ஆறேகால் மணி நேரம். மீட்டர் முள் பாதியில் நின்றால் நேரமும் பாதி. முள் கால்வாசிக்கு இறங்கும்போதே மாற்றுச் சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள். திறக்கும் சாவியை சிலிண்டரின் கழுத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். கரன்ட் போன இருட்டில் அலமாரியைத் துழாவ முடியாது. சிலிண்டரை நிற்கவைத்துச் சுவரோடு சங்கிலியால் கட்டிவையுங்கள். எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடவே கூடாது.

இயந்திரத்தைச் சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓரடியாவது தள்ளி வைக்க வேண்டும். அதற்கும் மூச்சு விட இடம் வேண்டும் அல்லவா? நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும், மிக்ஸியும் டி.வி-யும் சேர்ந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம். பின்னால் உள்ள ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

செலவையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. 350 வாட் இயந்திரம் தினம் 15 மணி நேரம் ஓடினால் 5.25 யூனிட். இரண்டு மாத பில்லில் 315 யூனிட் கூடும். இது தெரியாத வீட்டில், பில் வந்த நாளில் இயந்திரத்தை அணைத்து வைக்கும் யோசனை வந்துவிடுகிறது. அந்த யோசனை முதலில் வருவது பெரும்பாலும் நோயாளிக்கே. "எனக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு, அதை நிறுத்தும்மா" என்பார்.

'பழகிடுமே, அப்புறம் விட முடியாதே!'

இயந்திரத்தை அணைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இந்தப் பயம். ஆக்சிஜன் போதைப்பொருள் அல்ல. உடல் அதற்கு அடிமையாவதில்லை. நுரையீரல் தேறினால் மருத்துவரே குறைத்து நிறுத்திவிடுவார். தேறாத நோய் என்றால், தேவைப்படுவது நோயினால், பழக்கத்தினால் அல்ல.

'தேவைப்படும்போது மட்டும் வைத்துக்கொள்கிறேன்' என்பதும் எல்லாருக்கும் சரிவராது. ஆக்சிஜன் அளவு எப்போதுமே மிகவும் தாழ்ந்திருக்கும் சி.ஓ.பி.டி. நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த பிரிட்டிஷ் ஆய்வு 1981-ல் வெளியானது. தினம் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் 19 பேர் அந்தக் காலத்தில் இறந்தனர். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வும், இரவில் மட்டும் பெற்றவர்களைவிட நாள் முழுவதும் பெற்றவர்கள் அதிக காலம் வாழ்ந்ததைக் காட்டியது. மருத்துவர் சீட்டில் '15 மணி நேரம்' என்று எழுதுவது வழக்கத்துக்காக அல்ல. தூங்கும் எட்டு மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பகலில் ஏழு மணி நேரம் போதும். டி.வி. பார்க்கும் நேரம், பேப்பர் படிக்கும் நேரம், மதியத் தூக்கம் என்று அது தானாகவே நிரம்பிவிடும்.

சாப்பாடு, குளியல், நடை

சாப்பிடும்போது மூக்குக் குழாயைக் கழற்ற வேண்டியதில்லை. மெல்லுவதும் விழுங்குவதும்கூட அவருக்கு உழைப்புதான். வயிறு நிறைந்தால் நுரையீரல் விரியும் இடம் குறையும் என்பதால், மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். குழைந்த சாதம், பருப்பு, முட்டை, இட்லி போன்றவை நல்லது. நிமிர்ந்து உட்கார்ந்தே சாப்பிட வேண்டும்.

குளிக்கும்போது ஸ்டூலில் உட்காரவைத்து, இளஞ்சூட்டு நீரில், கதவை லேசாகத் திறந்துவைத்துக் குளிப்பாட்டுங்கள். நின்றுகொண்டு கையைத் தூக்கித் தலைக்கு ஊற்றினால் மூச்சு வாங்கும். துவட்டுவதற்குப் பதில் பெரிய துண்டைப் போர்த்திவிட்டால் நீர் தானே உறிஞ்சப்பட்டுவிடும்.

திடீரென மூச்சு முட்டினால் படுக்கவைக்காதீர்கள். உட்காரவைத்து, முன்னால் மேஜைமேல் இரண்டு தலையணை போட்டு, அதன்மேல் கைகளை ஊன்றிச் சற்றே முன்னால் சாயச் சொல்லுங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து விடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து ஊதினால் அவருக்குப் பயம் குறையும். ஃபேனை முகத்துப் பக்கம் திருப்பிவைத்தாலும் பலருக்கு இதமாக இருக்கும்.

ஆக்சிஜன் வந்துவிட்டது என்று கட்டிலிலேயே கிடக்க விடுவது தவறு. நீளமான குழாய் போட்டு ஹாலுக்கும் திண்ணைக்கும் வரச் செய்யலாம். குழாய் காலில் தட்டாமல் சுவரோரமாக ஒதுக்கிவிடுங்கள். பேரக்குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

எப்போது 108?

மருத்துவர் சொன்ன இலக்குக்குக் கீழே எண் இறங்கி, குழாயையும் இயந்திரத்தையும் சரிபார்த்த பிறகும் ஏறவில்லை, உதடும் நாக்கும் நீலம் பாய்கின்றன, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, நெஞ்சு வலிக்கிறது, பேச்சு குழறுகிறது, எழுப்பினால் எழவில்லை. இவற்றில் எது ஒன்று நடந்தாலும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உட்கார்ந்த நிலை, சொன்ன அளவில் ஆக்சிஜன், தளர்ந்த உடை. வந்தவர்களிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: "இவருக்கு சி.ஓ.பி.டி., டாக்டர் சொன்ன அளவு 88-ல இருந்து 92." நோட்டையும் சீட்டையும் கையோடு கொடுத்துவிடுங்கள். அவசரத்தில் அதிகமாக ஆக்சிஜன் போய்விடாமல் அந்த ஒரு வரி காக்கும்.

பார்த்துக்கொள்கிறவரை யார் பார்ப்பது?

இயந்திரச் சத்தத்தில் தூங்கப் பழகியவர்களுக்கு, சத்தம் நின்றால்தான் விழிப்பு வருகிறது. கரன்ட் போய்விட்டதோ என்று எழுந்து உட்காரும் மனைவிக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். மூட்டுவலி, சர்க்கரை, தன் மாத்திரையை மறந்துபோன நாள்கள் என அவருக்கும் ஒரு நோட்டு எழுதலாம். 'அம்மா பார்த்துக்கிறாங்க' என்று பிள்ளைகள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வாரத்தில் இரண்டு இரவாவது வேறொருவர் அந்த அறையில் படுக்கட்டும். வெளியூரில் இருப்பவர்கள், சிலிண்டர் மாற்றுவது, ஃபில்டர் வாங்குவது, பில் கட்டுவது ஆகிய பொறுப்புகளை எடுத்துக்கொள்ளலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டோடு முடங்கியவர்களுக்கு ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெயரைப் பதிந்துவைப்பது நல்லது.

விருந்தாளி வந்தால் மூக்குக் குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும் நோயாளிகள் அநேகம். மூச்சு முட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள யாரும் கூச்சப்படுவதில்லை. காதுக் கருவிக்கும் ஊர் பழகிவிட்டது. வந்தவர்கள் குழாயையே பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து, "என்ன மாமா, நேத்து மேட்ச் பார்த்தீங்களா?" என்று கேட்டால் போதும். மிச்சத்தை அவரே பேசுவார். நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்துவார். அவசரப்பட்டு வாக்கியத்தை முடித்துக் கொடுக்காமல், அவர் முடிக்கும்வரை காத்திருங்கள்.